வெந்நீரில் ஊறிய நூறு வருஷம்

"துருவே பிடிக்காது சார், நூறு வருஷத்துக்குக் கவலை இல்லை." வீடு கட்டுகிறவர்களிடம் கண்ணாடியிழைக் கம்பி விற்கப்படும்போது சொல்லப்படும் வாக்கியம் இது. யூடியூப் விளம்பரத்தில், கட்டுமானக் கண்காட்சி ஸ்டாலில், பளபளப்பான கையேட்டில் எல்லாம் கொஞ்சம் மாறி மாறி இதே வாக்கியம்தான். இதன் முன்பாதி உண்மை. கண்ணாடிக்கும் பிளாஸ்டிக்குக்கும் துரு பிடிக்காது. பின்பாதியில்தான் வில்லங்கம். கண்ணாடியிழை தொழிற்சாலையில் பெருமளவில் உற்பத்தியாகத் தொடங்கியதே 1930களில். அதைப் பிசினில் தோய்த்துக் கம்பியாக்கிப் பாலங்களின் கான்கிரீட்டுக்குள் வைக்கத் தொடங்கியது பெரும்பாலும் 1990களில். நூறு வயதான கண்ணாடியிழைக் கம்பி இந்தப் பூமியில் ஒன்றுகூடக் கிடையாது. அப்படியென்றால் அந்த நூறு எங்கிருந்து வந்தது?

ஒரு வெந்நீர்த் தொட்டியிலிருந்து வந்தது. கம்பியைக் காரக் கரைசலில் போட்டு, சூடாக்கி, சில மாதம் ஊறவைத்து, எடுத்து இழுத்துப் பார்த்து, ஒரு சமன்பாட்டின் வழியாக மாதங்களை வருஷங்களாக மாற்றினால் கிடைப்பது அந்த எண். இதற்கு முடுக்கச் சோதனை என்று பெயர். வருங்காலத்தை அவசரப்படுத்திப் பார்க்கும் முயற்சி.

கம்பியின் மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. நல்ல பொருள். முடுக்கச் சோதனையின் மேலும் கோபம் இல்லை. அது இல்லாமல் எந்தப் புதுப்பொருளும் உருவாகியிருக்காது. என் சண்டை எல்லாம் அந்த எண்ணோடுதான். முடுக்கச் சோதனை ஒரு சல்லடை. மோசமானதைக் கழித்துக்கட்ட உதவும். அந்தச் சல்லடையைக் கடிகாரம் என்று சொல்லி விற்கிறார்கள். வாங்குகிறவர் இருபது வருஷ வீட்டுக்கடனில், வாழ்நாளில் ஒரே ஒருமுறை கூரை போடுகிற மனிதர்.

தொட்டிக்குள் என்ன நடக்கிறது

கடலோரத்தில் வீடு கட்டியவர்களுக்குக் கதை தெரியும். உப்புக்காற்று கான்கிரீட்டுக்குள் இறங்கி இரும்பைத் தொடும். இரும்பு துருப்பிடித்துப் பெருக்கும். பெருத்த துரு கான்கிரீட்டை உள்ளிருந்து நெட்டித் தள்ளும். ஒருநாள் சீலிங் பெயர்ந்து விழும், உள்ளே கம்பி விலா எலும்பு மாதிரி தெரியும். இந்தத் தொல்லைக்கு மாற்றாக வந்ததுதான், கண்ணாடியிழைகளை வினைல் எஸ்டர் போன்ற பிசினில் தோய்த்து இழுத்து இறுக்கிய கம்பி. எடை இரும்பில் கால்பங்கு. இழுவலிமை இரும்பைவிட அதிகம். உப்பு அதை ஒன்றும் செய்யாது.

ஆனால் அதற்கு வேறொரு எதிரி இருக்கிறது. கான்கிரீட்டேதான் அந்த எதிரி. கான்கிரீட்டின் நுண்துளைகளில் தேங்கியிருக்கும் நீர் கடுமையான காரம், பிஎச் 12.5 முதல் 13.5 வரை. இரும்பைத் துருவிலிருந்து காப்பாற்றுவது இந்தக் காரம். கண்ணாடியை அரிப்பதும் இதே காரம். ஹைட்ராக்சைடு அயனிகள் கண்ணாடியின் சிலிக்கா வலையை அறுக்கின்றன. உள்ளே புகும் நீர் பிசினில் இருக்கும் எஸ்டர் பிணைப்புகளை உடைக்கிறது, இழையும் பிசினும் ஒட்டியிருக்கும் இடத்தைப் பிரிக்கிறது. நல்ல பிசினாக இருந்து, அது சரியாக இறுகியிருந்தால் இதெல்லாம் மிக மெதுவாக நடக்கும். எவ்வளவு மெதுவாக என்பதுதான் மொத்தக் கேள்வியும்.

அதற்குத்தான் தொட்டி. அமெரிக்கக் கான்கிரீட் கழகத்தின் வழிகாட்டியில் சமையல் குறிப்பு மாதிரியே இருக்கிறது: ஒரு லிட்டர் தண்ணீருக்குக் கால்சியம் ஹைட்ராக்சைடு 118.5 கிராம், பொட்டாசியம் ஹைட்ராக்சைடு 4.2 கிராம், சோடியம் ஹைட்ராக்சைடு 0.9 கிராம். கிட்டத்தட்ட சுண்ணாம்புப் பால். அதை 60 டிகிரி செல்சியஸில் வைத்து, கம்பியை 90 நாள் ஊறப்போட வேண்டும். பிறகு எடுத்து இழுத்தால், தொடக்க வலிமையில் குறைந்தது 80 சதவீதம் மிச்சமிருக்க வேண்டும். ஏஎஸ்டிஎம் டி7957 என்ற அமெரிக்கத் தரநிலை கேட்பது இதைத்தான். 2023-ல் இந்தியத் தர நிர்ணய அமைவனமும் இந்தக் கம்பிகளுக்கெனத் தனித் தரநிலை வெளியிட்டது. இனிமேல் இது ஏதோ வெளிநாட்டுச் சமாச்சாரம் இல்லை.

60 டிகிரி, 90 நாள், 80 சதவீதம். இந்த மூன்று எண்களில் வருஷம் என்ற அலகே கிடையாது. இது ஒரு நுழைவுத் தேர்வு. தேறாத கம்பியைக் கட்டடத்துக்குள் விடாதே என்கிறது. தேறிய கம்பி எத்தனை காலம் வாழும் என்று அது சொல்லவே இல்லை. பத்தாம் வகுப்பில் தேறியவன் எழுபது வயதில் என்ன சம்பளம் வாங்குவான் என்று மார்க் ஷீட்டில் எழுதியிருக்காது இல்லையா, அதுமாதிரி.

இட்லி மாவும் அர்ஹீனியஸும்

நாளை வருஷமாக மாற்றுவதற்கு ஒரு பழைய சமன்பாடு இருக்கிறது. ஸ்வீடன் வேதியியலாளர் ஸ்வான்தே அர்ஹீனியஸ் 1889-ல் தந்தது. பிளஸ் டூ வேதியியலில் எல்லோரும் மனப்பாடம் செய்திருப்போம். வெப்பநிலை ஏற ஏற வினையின் வேகம் அடுக்குக்குறி முறையில் ஏறும். எவ்வளவு ஏறும் என்பதை அந்த வினையின் கிளர்வு ஆற்றல் தீர்மானிக்கும். பத்து டிகிரி ஏறினால் வேகம் இரண்டு மடங்கு என்று தோராயமாகச் சொல்வார்கள்.

இது எங்கே செல்லும், எங்கே செல்லாது என்பதற்கு நம் அடுக்களையே போதும். சென்னை மே மாதத்தில் இட்லி மாவு ஆறேழு மணி நேரத்தில் பொங்கி வழிகிறது. பெங்களூர் டிசம்பரில் ராத்திரி முழுக்க வைத்தாலும் அசைவதில்லை, அடுத்தநாள் மத்தியானம் ஆகிவிடுகிறது. சூடு ஏறினால் வேகம் ஏறும், சரி. அப்போ மாவை 70 டிகிரியில் வைத்தால் கால்மணி நேரத்தில் புளித்துவிடுமா? புளிக்காது. புளிக்கவைக்கும் நுண்ணுயிர்கள் செத்துப்போகும், மாவு வேகத் தொடங்கும். நாம் வேகப்படுத்தியது புளிப்பை இல்லை. வேறொரு நிகழ்வைத் தொடங்கிவைத்துவிட்டோம்.

பிசினிலும் இதேதான். ஒவ்வொரு பிசினுக்கும், அது கண்ணாடி போன்ற விறைப்பை இழந்து இளகத் தொடங்குகிற ஒரு வெப்பநிலை உண்டு. நீரை உறிஞ்சிய பிசினில் அந்த எல்லை இன்னும் கீழே இறங்கும். தொழிற்சாலையில் சூடேற்றி இறுக்கிய வினைல் எஸ்டர் கம்பிக்கு அது 100 டிகிரியைச் சுற்றி இருப்பதால் 60 டிகிரித் தொட்டி பரவாயில்லை. பழைய தூண்களுக்கு வலுவூட்டக் கார்பன் இழைத் துணியைச் சைட்டிலேயே எப்பாக்ஸி பூசி ஒட்டுகிறார்களே, அந்த எப்பாக்ஸி அறை வெப்பத்தில் இறுகியது. அதன் எல்லை பெரும்பாலும் 50, 60 டிகிரியை ஒட்டியே இருக்கும். அதைக் கொண்டுபோய் 60 டிகிரித் தொட்டியில் போட்டால் பரிசோதிப்பது அந்தத் தூணில் ஒட்டியிருக்கும் பொருளை அல்ல, அதே பெயர்கொண்ட வேறொரு பொருளை.

ஆக, அர்ஹீனியஸ் கணக்கு ஒரு நிபந்தனையோடுதான் வருகிறது. சூட்டில் நடக்கும் அழிவும் சாதாரண வெப்பத்தில் நடக்கும் அழிவும் ஒரே வழியில் நடக்க வேண்டும், வேகம் மட்டும்தான் மாற வேண்டும். நிபந்தனை நிறைவேறுகிறதா என்று பார்க்க ஒரே வழி, சாதாரண வெப்பத்திலும் நீண்டகாலம் வைத்துப் பார்த்து ஒப்பிடுவது. அதாவது, காத்திருக்காமல் இருப்பதற்கான சமன்பாட்டைச் சரிபார்க்கவும் காத்திருக்கத்தான் வேண்டும்.

காத்திருந்தவர்கள்

அப்படிக் காத்திருந்து பார்த்த கதை ஒன்று உண்டு. அது பிசின் கம்பி பற்றியதல்ல. கண்ணாடியிழை கலந்த சிமென்ட் பலகைகளைப் பற்றியது. பிரிட்டனில் வாட்ஃபோர்ட் அருகே இருந்த கட்டட ஆய்வு நிலையத்தில் ஏ. ஜே. மஜும்தாரும் சகாக்களும் 1960களில் சிர்கோனியா கலந்த, காரத்தைத் தாங்கும் கண்ணாடியிழையை உருவாக்கினார்கள். பில்கிங்டன் நிறுவனம் 1971-ல் அதைச் செம்ஃபில் என்ற பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்தது. காரத்தைத் தாங்கும் இழை வந்தாயிற்று, இனி என்ன?

அவர்கள் நிறுத்தவில்லை. பலகைகளை மழையிலும் வெயிலிலும் போட்டு வைத்தார்கள். 1979-ல் பத்தாண்டு முடிவுகள் வெளியாயின. புதிதில் வளைந்துகொடுத்த பலகை வெளியில் கிடக்கக் கிடக்க வலிமை குறைந்து, இழையே இல்லாத வெறும் சிமென்ட் உடைகிற நிலையை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. "காரத்தைத் தாங்கும்" என்பதற்கு "அரிப்பே இல்லை" என்று பொருள் இல்லை, மெதுவாக அரிக்கும் என்றுதான் பொருள். நல்லவேளையாக அவர்கள் அதை மூடி மறைக்கவில்லை. பலகைகளைப் புதிய வலிமையை நம்பி வடிவமைக்காமல் மூத்த வலிமையை நம்பி வடிவமைக்கும் வழக்கம் வந்தது. அந்தப் பலகைகள் இன்றும் உலகெங்கும் கட்டடங்களின் முகப்பில் இருக்கின்றன. பொருள் பிழைத்தது, அதைப் பற்றிய பொய் பிழைக்கவில்லை.

பில்கிங்டனைச் சேர்ந்த லிதர்லாண்ட், ஓக்லி, பிராக்டர் மூவரும் 1981-ல் வெந்நீர்ச் சோதனைக்கும் வெளிச்சோதனைக்கும் இடையே ஒரு மாற்று விகிதம் தந்தார்கள். வெந்நீரில் 50 டிகிரியில் ஒரு நாள், பிரிட்டனின் வெளிவெளியில் 101 நாளுக்குச் சமம். 60 டிகிரியில் ஒரு நாள் 272 நாளுக்குச் சமம். 80 டிகிரியில் 1,672 நாள். இந்த அட்டவணையை உலகமெங்கும் எடுத்தாண்டார்கள். அதில் உள்ள "பிரிட்டனின்" என்ற ஒரு சொல் வழியில் எங்கோ உதிர்ந்துபோனது.

பிரிட்டன் என்று அவர்கள் எடுத்துக்கொண்டது ஆண்டுச் சராசரி 10.4 டிகிரி. சென்னையின் ஆண்டுச் சராசரி சுமார் 28.5 டிகிரி. மேலே உள்ள எண்களிலிருந்தே கிளர்வு ஆற்றலைப் பின்னோக்கிக் கணக்கிட்டால் மோலுக்கு 89 கிலோஜூல் அளவில் வருகிறது. அதை வைத்து, 10.4 இருந்த இடத்தில் 28.5 போட்டுப் பார்த்தேன். 101 நாள், 10 அல்லது 11 நாளாகச் சுருங்கியது. அதாவது இங்கிலாந்தில் நூறு வருஷம் என்று எழுதிய அதே சோதனை, அதே சமன்பாட்டின்படியே, சென்னையில் பத்து வருஷம் சொச்சம்.

இது சிமென்ட் பலகையின் கணக்கு. பிசின் கம்பியின் கிளர்வு ஆற்றல் வேறு, விகிதம் கூடலாம், குறையலாம். கம்பி பத்து வருஷத்தில் போய்விடும் என்று நான் சொல்லவில்லை. நான் சொல்வது ஒன்றுதான்: எந்த ஊர் என்று சொல்லாத வருஷக் கணக்கு கணக்கே இல்லை. கையேட்டில் நூறு என்று போட்டிருந்தால், "எத்தனை டிகிரி ஊரில்?" என்பதுதான் நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி. சித்திரை வெயிலில் நம் மொட்டைமாடித் தளம் காற்றின் வெப்பத்தைவிடப் பல டிகிரி மேலே போகும் என்பதை வெறுங்காலோடு துணி காயப்போடப் போனவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

"பாலத்திலேயே பார்த்தாச்சே"

இங்கே எதிர்த்தரப்புக்கு ஒரு வலுவான பதில் இருக்கிறது. அதை மழுப்பாமல் வைத்துவிடுகிறேன்.

2000களின் நடுவில் கனடாவில் ஆஃப்தாப் முஃப்தி தலைமையில் ஒரு வேலை நடந்தது. ஐந்து முதல் எட்டு வருஷம் பயன்பாட்டில் இருந்த ஐந்து கட்டுமானங்களில் துளையிட்டு, கண்ணாடியிழைக் கம்பியோடு சேர்த்துக் கான்கிரீட்டை வெளியே எடுத்தார்கள். நோவா ஸ்கோஷியாவின் ஹால்ஸ் ஹார்பர் படகுத்துறை, கல்கரியின் குரோசைல்ட் டிரெயில் பாலம் எல்லாம் அதில் அடக்கம். நுண்ணோக்கியில் பார்த்தபோது கண்ணாடியில் அரிப்பின் தடயம் இல்லை. ஆய்வகத் தொட்டி பயமுறுத்திய அளவுக்கு நிஜத்தில் எதுவும் நடக்கவில்லை. பிறகு அமெரிக்காவில் 15 முதல் 20 வயதான 11 பாலங்களில் இதே மாதிரி துளையிட்டார்கள். அங்கும் முடிவு பெரும்பாலும் நல்ல செய்திதான்.

காரணமும் தெரிந்ததே. தொட்டியில் கம்பி நிர்வாணமாக, வற்றாத காரத்தில், எப்போதும் முழு ஈரத்தில் கிடக்கிறது. கான்கிரீட்டுக்குள் ஈரம் வரும், போகும். கம்பியைத் தொடும் காரமும் கொஞ்சம்தான். ஆக தொட்டி நிஜத்தைவிடக் கொடியது, அதில் தேறியது நிஜத்தில் நிச்சயம் தேறும் என்பது அவர்கள் வாதம். இந்த நம்பிக்கையின் தடம் விதிகளிலும் தெரிகிறது. அமெரிக்கக் கான்கிரீட் கழகத்தின் 2015 வழிகாட்டி, வெயில்மழை படும் இடங்களில் கண்ணாடியிழைக் கம்பியின் வலிமையை 0.7 ஆல் பெருக்கிக் குறைக்கச் சொன்னது. 2022 விதித்தொகுப்பில் அது 0.85 ஆகிவிட்டது. கம்பிகளும் இடையில் மேம்பட்டிருக்கின்றன, மறுக்கவில்லை.

ஆனால் வரைபடத்தைப் பாருங்கள். கல்கரியின் ஆண்டுச் சராசரி வெப்பநிலை 5 டிகிரிக்கும் கீழே. அமெரிக்கப் பதினொன்றில் ஆகத் தெற்கே இருப்பது டெக்சஸில் அமரில்லோ அருகே சியரிட்டா டி லா குரூஸ் ஓடைப் பாலம். அமரில்லோவின் சராசரி சுமார் 14. பத்து டிகிரிக்கு இரட்டிப்பு என்ற எளிய கணக்கைப் போட்டாலே சென்னை கல்கரியைவிட ஐந்து மடங்கு வேகம். கல்கரியில் கம்பி கழித்த எட்டு வருஷம் நமக்கு ஒன்றரை வருஷம் சொச்சம். அந்தப் பாலங்கள் அந்த ஊர்களுக்குச் சாட்சி சொல்கின்றன. நாகப்பட்டினத்துக்கும் திரிகோணமலைக்கும் சேர்த்துச் சாட்சி சொல்ல அவற்றால் முடியாது.

குளிர்நாட்டில் பிழைத்தது வெந்நாட்டுக் கடலில் பிழைக்காமல் போனதற்கு முன்னுதாரணம் வேண்டுமா? எப்பாக்ஸி பூசிய இரும்புக் கம்பி. 1970களின் தொடக்கத்தில் ஆய்வகச் சோதனைகளில் தேறி, 1973-ல் பென்சில்வேனியாவில் ஒரு பாலத்தில் ஏறியது. வடக்கே பாலத் தளங்களில் நன்றாகவே உழைத்தது. அதை நம்பி ஃப்ளோரிடா கீஸ் தீவுத்தொடரில், வெதுவெதுப்பான கடலுக்குள் நிற்கும் பாலத்தூண்களிலும் வைத்தார்கள். லாங் கீ பாலத்தில் 1986 வாக்கிலேயே, கட்டி முடித்து பத்து வருஷம் ஆவதற்குள், பூச்சுக்கு அடியில் அரிப்பு தெரிந்துவிட்டது. அலை தெறிக்கும் உயரம், சூடு, உப்பு, சைட்டில் பூச்சில் விழுந்த கீறல்கள் எல்லாம் ஒரே இடத்தில் சேர்ந்தன. ஆய்வகத்தில் ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்த்திருந்தார்கள். ஃப்ளோரிடா அந்தக் கம்பியையே பின்னால் கைவிட்டது.

"சேர்ந்தன" என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. தொட்டி நிஜத்தைவிடக் கொடியது என்பது பாதி உண்மை. ஈரத்திலும் சூட்டிலும் கொடியது. மற்றவற்றில் ரொம்ப சாது. தொட்டியில் கம்பி சும்மா கிடக்கிறது. கூரையில் அது இருபத்துநாலு மணி நேரமும் பாரம் தாங்குகிறது. தொடர்ந்து இழுவிசையில் இருக்கும் கண்ணாடியிழை, ஈரமும் காரமும் சேரும்போது அதன் குறுகியகால வலிமையில் ஒரு பங்கிலேயே அறுந்துபோகும். அதனால்தான் நிரந்தரப் பாரத்துக்கு விதிகள் மிகக் குறைந்த வரம்பு வைத்திருக்கின்றன. தொட்டியில் விரிசல் விட்ட கான்கிரீட் இல்லை, வெட்டிய முனைகள் இல்லை, சைட்டில் இழுத்துப்போட்டதில் உரிந்த மேற்பரப்பு இல்லை. வளைந்த கம்பி இல்லை. வளைவில் இந்தக் கம்பியின் வலிமை வெகுவாகக் குறையும், தொழிற்சாலையில் வளைத்துத்தான் வர வேண்டும், சைட்டில் கம்பி கட்டுபவர் வளைக்கவே முடியாது. ஒரு பக்கம் கூட்டி, இன்னொரு பக்கம் குறைத்து, மொத்தத்தில் பத்திரமான பக்கமே நிற்கிறோம் என்று எப்படிச் சொல்ல முடிகிறது?

"இரும்பு மட்டும் நூறு வருஷம் நிற்குமா?" என்று கேட்பார்கள். நிற்காது. ஆனால் இரும்பு சொல்லிவிட்டுத்தான் போகும். பழுப்புக் கறை, வெடிப்பு, உதிரும் காரை என்று வருஷக்கணக்கில் குரல் கொடுக்கும். பாரம் மிஞ்சினால் நீளும், தளம் தொய்யும், வீட்டில் இருப்பவர் வெளியே ஓட நேரம் கிடைக்கும். கண்ணாடியிழைக் கம்பி துருப்பிடிக்காது, ஆகவே கறையும் விடாது. நீண்டு இளகாது, எல்லையைத் தொட்டதும் படக்கென்று அறும். அதன் மூப்பு வெளியே தெரியாது. சத்தம் போடாமல் மூக்கிற பொருளுக்கு இன்னும் கறாரான கணக்கு வேண்டாமா?

கடிகாரத்தை முன்னே தள்ள முடியாது

மென்பொருள் எழுதிப் பிழைப்பவன் இதில் ஏன் மூக்கை நுழைக்கிறான் என்று கேட்கலாம். என் தொழிலிலும் முடுக்கச் சோதனைதான் தினச்சோறு. பத்து லட்சம் பேர் வரும் நெரிசலை ஒரு மணி நேரத்தில் போலியாக உருவாக்கிப் பார்ப்போம். அது நெரிசலைத்தான் காட்டும், காலத்தைக் காட்டாது. விண்டோஸ் 95-இல் பேர்பெற்ற பிழை ஒன்று இருந்தது. கணினியைத் தொடர்ந்து 49.7 நாள் ஓடவிட்டால் உறைந்துவிடும். மில்லிவினாடிகளை எண்ணும் 32 பிட் எண்ணி அன்றோடு நிரம்பிவிடும், அவ்வளவுதான் காரணம். ஒரு மணி நேரத்தில் எத்தனை கோடி வேலை கொடுத்தாலும் இந்தப் பிழை தலைகாட்டாது.

ஆனால் எங்களுக்கு ஒரு குறுக்குவழி உண்டு. எண்ணியை 49-ஆம் நாளுக்குத் தள்ளி வைத்துவிட்டு முக்கால் நாள் காத்திருந்தால் போதும். மென்பொருளில் காலம் என்பது ஒரு மாறியின் மதிப்பு, அதை மாற்றி எழுதலாம். கம்பியில் அப்படி ஒரு எண்ணி இல்லை. சூடு ஏற்றுவது என்பது கடிகாரத்தை முன்னே தள்ளுவது அல்ல, வேறு ஒரு உலகத்தில் அந்தக் கம்பியை வாழவைப்பது. அந்த உலகத்துக்கும் நம்முடையதற்கும் எவ்வளவு பொருத்தம் என்று தெரிந்தால்தான் செய்தி, தெரியாவிட்டால் ஜோசியம். ஜோசியராவது ராசியும் நட்சத்திரமும் பிறந்த ஊரும் கேட்பார். கையேட்டு நூறு அதைக்கூடக் கேட்பதில்லை.

யாருக்கு அவசரம்

இந்த எண் ஏன் இவ்வளவு உறுதியாக நிற்கிறது? எல்லோருக்கும் அது வசதியாக இருப்பதால். விற்பவருக்கு வருஷம் வேண்டும், டிகிரி வேண்டாம். டெண்டர் எழுதுபவருக்கு ஒரு கட்டத்தில் நிரப்ப ஓர் எண் வேண்டும். ஆராய்ச்சி மாணவருக்கு மூன்று நாலு வருஷத்தில் பட்டம் வேண்டும், கட்டுரை வேண்டும். 90 நாள் சோதனை அதற்குள் கச்சிதமாக அடங்கும். இருபது வருஷச் சோதனையைத் தொடங்கினால் அவர் பிள்ளைதான் அதில் பட்டம் வாங்க வேண்டும். நிதி கொடுப்பவர் மூன்று வருஷத்தில் அறிக்கை கேட்பார். யாரும் பொய் சொல்லவில்லை. எல்லோரும் அவரவர் கெடுவுக்குள் செய்யக்கூடியதைச் செய்கிறார்கள். மொத்தமாகச் சேர்ந்து வரும்போது அது நூறு வருஷம் என்று ஆகிவிடுகிறது.

இப்படித்தான் இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் எம். ஓ. விதி என்ற பேராசிரியர் 1910-ல் கான்கிரீட் உருளைகளை வார்த்து வைத்தார். 1923-லும் 1937-லும் இன்னும் வார்த்தார். சிலவற்றை உள்ளே, சிலவற்றை வெளியே வைத்து, குறித்த ஆண்டுகளில் எடுத்து உடைத்துப் பார்க்க ஏற்பாடு. ஐம்பதாண்டு முடிவுகளை 1975-ல் எழுதியவர்கள் அவருக்குப் பின்னால் வந்த வாஷாவும் வெண்ட்டும். பழைய, கொரகொரப்பான சிமென்டில் செய்தவை பல பத்தாண்டுகள் வலிமை ஏறிக்கொண்டே போயிருந்தன. 1937-ன் நைசான சிமென்டில் செய்தவையோ பத்திலிருந்து இருபத்தைந்து வருஷத்துக்குள் உச்சம் தொட்டு, பிறகு கொஞ்சம் இறங்கியிருந்தன. சிமென்டை நைசாக அரைத்தால் சீக்கிரம் வலிமை வரும் என்பது 28 நாளில் தெரிந்துவிடும். அதற்குக் கொடுக்கும் விலை தெரிய கால் நூற்றாண்டு ஆனது. வேறு எந்தத் தொட்டியும் அதைச் சொல்லியிருக்காது. பொறுமையாக ஒருவர் வார்த்து வைத்த உருளைகள் சொல்லின.

சரி, என்ன பண்ணலாம்?

"அப்போ ஐம்பது வருஷம் எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு இருக்கணுமா?" வேண்டாம். கட்டுங்கள். கட்டும்போதே காத்திருக்கவும் தொடங்குங்கள். இரண்டையும் ஒரே நாளில் தொடங்கலாம்.

அரசுப் பணத்தில் இந்தக் கம்பி போகும் ஒவ்வொரு பாலத்திலும் கடல்சுவரிலும், அதே கம்பி, அதே கான்கிரீட்டில் கூடுதலாகச் சில சாட்சிக் கட்டைகளை வார்த்து அதன் பக்கத்திலேயே கிடத்துங்கள். பாதியைப் பாரம் ஏற்றி வையுங்கள், சிலவற்றில் வேண்டுமென்றே விரிசல் விடுங்கள். 2, 5, 10, 20 ஆண்டுகளில் உடைத்துப் பார்த்து, முடிவு எதுவானாலும் பொதுவில் வையுங்கள். ஒரு பாலத்தின் செலவில் இது தூசு. இடமும் புதிதாகத் தேட வேண்டாம். காரைக்குடி சிக்ரி நிறுவனத்துக்கு மண்டபத்தில் கடலோர அரிப்பு ஆய்வு நிலையம் இருக்கிறது. இரும்பைக் கடற்காற்றில் காயப்போட்டுக் கணக்கெடுத்துப் பழகிய இடம். கண்ணாடியிழைக்கும் அங்கே பத்து அடி இடம் கொடுக்கலாம்.

வருஷக் கணக்கை விளம்பரத்தில் போடுவதானால் நாலு தகவல் கூடவே அச்சாக வேண்டும்: எத்தனை டிகிரியில் எத்தனை நாள் சோதித்தது, எந்தச் சராசரி வெப்பநிலை கொண்ட ஊருக்கு மாற்றியது, பாரத்தோடா பாரமில்லாமலா, "ஆயுள் முடிந்தது" என்று எத்தனை சதவீத வலிமையில் எழுதினார்கள்.

வீடு கட்டுகிறவர் இன்றைக்குக் கேட்க வேண்டியது வருஷத்தை அல்ல. பிசின் என்ன பிசின்? வினைல் எஸ்டரா, பாலியெஸ்டரா? அமெரிக்கத் தரநிலை பாலியெஸ்டரை ஏற்பதில்லை. 90 நாள் காரச் சோதனையின் சான்றிதழ் எங்கே? அது இந்தக் கம்பியுடையதா, என்றோ ஒருநாள் அனுப்பிய மாதிரியுடையதா? வளைவுகள் தொழிற்சாலையிலிருந்து வருகின்றனவா? வடிவமைத்த பொறியாளர் இரும்புக்கான கணக்கில் கம்பியின் பெயரை மட்டும் மாற்றினாரா, இந்தக் கம்பிக்கான கணக்கையே போட்டாரா? இவற்றுக்குப் பதில் சொல்லும் விற்பனையாளர்கள் இருக்கிறார்கள்; அவர்களிடம் வாங்குங்கள். தரைத்தளம், நடைபாதை என்று பழுதானால் யார் தலையிலும் விழாத இடங்களில் தாராளமாகப் போட்டுப் பாருங்கள். படுக்கையறைக்கு மேலே போடுவதற்கு முன்னால் இந்தக் கேள்விகளை இன்னொரு முறை கேளுங்கள்.

நூறு வருஷம் என்று சொல்லவே கூடாது என்பதில்லை. அந்த நூறில் முதல் பத்தை எந்த ஊரில், எந்த வெயிலில், எவ்வளவு பாரத்தோடு பார்த்தீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பார்க்கவில்லை என்றால் இன்றைக்கு ஒரு கட்டையை வார்த்து மண்டபத்தில் கிடத்துங்கள். பத்து வருஷம் ஒன்றும் பெரிய காலம் இல்லை, இருபது வருஷக் கடனில் பாதிதான்.